தொழுநோய் ரியாக்‌ஷனுக்கு ஸ்டீராய்டு: எலும்பைக் காக்க கால்சியமா, வார மாத்திரையா, வருட ஊசியா?

தொழுநோய்க் கிருமியைக் கூட்டு மருந்து பார்த்துக்கொள்ளும். நடுவில் உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமிக்கு எதிராகக் கிளர்ந்தெழும் ரியாக்‌ஷன் வந்து நரம்பு வீங்கினால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தவிர்ப்பது கடினம். அந்த மருந்து எலும்பைக் கரைக்கும், அதிலும் முதல் 3 முதல் 6 மாதத்துக்குள்தான் அதிகம். அதனால் எலும்பைப் பற்றிய பேச்சை மாத்திரை தொடங்கும் அன்றே எடுத்துவிடுங்கள்.

எது போதும் என்பது ரியாக்‌ஷன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. முதல் வகை என்றால் பெரும்பாலும் தினமும் 40 மி.கி. அளவில் தொடங்கி, சுமார் 20 வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள் (32 வாரம் கொடுத்தாலும் நரம்புக்குக் கூடுதல் பலன் இல்லை என்று டென்லெப் என்ற மருத்துவ ஆய்வில் தெரிந்தது, எலும்புக்கு அது நல்ல சேதி). இளவயதுக்காரர், முன்பு எலும்பு முறிவு ஏதும் இல்லை என்றால் உணவையும் சேர்த்து நாளைக்கு 1000 மி.கி. கால்சியம், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி, இவையே பெரும்பாலும் போதும்.

இரண்டாம் வகையான ஈ.என்.எல். (எரித்தீமா நோடோசம் லெப்ரோசம், தோலில் வலிக்கும் கட்டிகளோடு வருவது) அப்படி விடாது. அடங்கும், மறுபடி கிளம்பும், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு ஓடும். அங்கே வெறும் கால்சியத்தை நம்பி இருப்பது தப்பு என்றே சொல்வேன். ஆண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: கிருமி அதிகம் இருக்கும் லெப்ரோமட்டஸ் வகைத் தொழுநோய் விரைகளையும் தாக்கி டெஸ்டோஸ்டீரோனைக் குறைக்கும், அதனால் ஸ்டீராய்டு தொடும் முன்பே எலும்பு மெலிந்திருக்கலாம். இதை யாரும் கேட்பதில்லை. நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.

எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகளில் அலென்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை, 70 மி.கி., விலை குறைவு, அனுபவமும் அதிகம். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். ஏற்கெனவே மாத்திரைக் குவியலோடு இருப்பவருக்கு இது சுமைதான். சோலெட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒரு முறை ட்ரிப்பாக ஏற்றுவது, அதோடு முடிந்தது. ஆனால் ஈ.என்.எல். சிறுநீரகத்தையும் தொடக்கூடும் என்பதால் முதலில் அதைச் சோதிக்கணும், வைட்டமின் டி குறைவையும் சரிசெய்யணும். முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், புது ரியாக்‌ஷனோ என்று பயந்து ஸ்டீராய்டைக் கூட்டிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது. வயிறு தாங்கினால், ஒழுங்காகச் சாப்பிட முடிந்தால், என் ஓட்டு வார மாத்திரைக்கே. இரண்டுமே எலும்பில் பல வருடம் தங்கும், பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் முதலிலேயே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

எலும்பைக் காக்கும் இன்னொரு மருந்தான டெனோசுமாப் ஊசி 6 மாதத்துக்கு ஒன்று. தவறவிட்டால் முதுகெலும்பு முறிவு திடீரென வரலாம், தொடர்ந்து வர முடியாதவருக்கு வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட எலும்புக்கு நல்லது, ஈ.என்.எல்.லில் ஸ்டீராய்டையே குறைப்பது. அதற்கு உதவும் மருந்துகளில் தாலிடோமைடு வேகமாகக் கேட்கும், கர்ப்பத்தில் கூடவே கூடாது, ஸ்டீராய்டோடு சேர்ந்தால் ரத்தம் உறையும் அபாயம் வேறு. குளோஃபசிமின் மெதுவாக வேலை செய்யும், தோல் கருக்கும்.

அப்புறம் நடைப்பயிற்சி. எலும்புக்கு நல்லதுதான், ஆனால் பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர் மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு போட்டு, நடந்து வந்ததும் பாதத்தைப் பார்த்துவிட வேண்டும். எலும்புக்குப் பயந்து ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், செத்த நரம்பு திரும்பி வராது.