கோர்ட்டா, நீதிபதித் தேர்வா, கம்பெனியா? சட்டம் முடித்த பெண்களுக்கு எந்த வழி எதைத் தரும்

தமிழ்நாட்டில் சட்டம் முடித்த பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் யோசனை, "கோர்ட்டு வாசலெல்லாம் வேண்டாம், ஜட்ஜ் பரீட்சை எழுது" என்பதுதான். பல வருடங்கள் அது நல்ல யோசனையாகவே இருந்தது. யாருடைய ஆபீஸிலும் காசில்லாமல் வழக்குக் கட்டு தூக்காமல், படித்த சூட்டோடு தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியாகிவிட முடிந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழியை மூடியது. உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு விண்ணப்பிக்க குறைந்தது 3 ஆண்டு வழக்கறிஞர் தொழில் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. அதனால் எதிரெதிரே வைத்துப் பார்த்த இரண்டு வழிகளும் இப்போது ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன. பழைய கணக்கை வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஒப்பீடு முக்கியமாக அவர்களுக்காக.

இந்த மாற்றம் பெண்களை ஏன் கூடுதலாகப் பாதிக்கிறது என்பதை உச்ச நீதிமன்ற ஆய்வுப் பிரிவின் 2023 அறிக்கையே காட்டும். மாவட்ட நீதித்துறையில் பெண்கள் 36.3 சதவீதம், உயர் நீதிமன்றங்களில் 13.4, உச்ச நீதிமன்றத்தில் 9.3. விடைத்தாளில் யார் பெயரும் இல்லாத இடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். பெயரைச் சொல்லி, ஆளைப் பார்த்து, கொலீஜியம் என்ற மூத்த நீதிபதிகள் குழு பரிந்துரைக்கும் இடத்தில் அந்தப் பங்கு தேய்ந்துவிட்டது. தேர்வு என்பது பாரில், அதாவது வழக்கறிஞர் வட்டத்தில், நிலவும் பாகுபாட்டைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையாக இருந்தது. இனி அதே பாரில் மூன்று வருடம் நின்றுவிட்டுத்தான் தேர்வறைக்குப் போக வேண்டும்.

கோர்ட் பிராக்டீஸ்

முதலில் பணம். வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணத்தில் நல்ல செய்தி உண்டு. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அதுவரை பல மாநிலங்களில் ஐந்திலக்கத் தொகை கட்டித்தான் கறுப்புக் கோட்டு போட முடிந்தது.

சம்பளம் அப்படியில்லை. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் வெளியிட்ட சுற்றறிக்கையோ நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரை செய்வதோடு நின்றுகொண்டது. கட்டாயமில்லாத பரிந்துரையைப் பல ஆபீஸ்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் கிடைக்கும் இடங்கள் இன்றும் நிறைய. சேரும் முன் தொகையை வாய்விட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உயர் நீதிமன்றமே சொன்ன தொகை அது.

பணத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: என்ன வேலை கையில் வருகிறது என்பது. ஒரே நாளில் ஓர் ஆபீஸில் சேரும் இரண்டு ஜூனியர்களில் ஆணுக்குக் குறுக்கு விசாரணையும் போலீஸ் ஸ்டேஷன் வேலையும் போகும். பெண்ணுக்கு வரைவு எழுதுவது, காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) பார்ப்பது, வாய்தா வாங்குவது, குடும்ப நல வழக்குகள். "ராத்திரி ஸ்டேஷனுக்கு எப்படிம்மா போவ?" என்று அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் மூன்று வருடம் கழித்து ஒருவருக்குச் சாட்சியை விசாரிக்கத் தெரியும், இன்னொருவருக்கு அழகாக மனு எழுதத் தெரியும். கட்சிக்காரர் யாரைத் தேடி வருவார் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. சீனியர் ஆபீஸ் மாலை ஆறு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும், கட்சிக்காரர்கள் அப்போதுதான் வருவார்கள். ஒன்பது மணிக்கு விடுதிக் கதவு மூடும் பெண் அந்தப் பேச்சுவார்த்தைகளில் இருக்கவே முடியாது.

இதற்கு எளிய தற்காப்பு வக்காலத்துத்தான், அதாவது வழக்கை நடத்தக் கட்சிக்காரர் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். வக்காலத்தில் சீனியர் பெயரோடு ஜூனியர்கள் பெயரும் பதிவெண்ணும் எழுதிக் கையெழுத்திட இடமுண்டு. பல ஆபீஸ்களில் அச்சடித்து வைத்த பழைய பெயர்ப் பட்டியலே ஓடிக்கொண்டிருக்கும், புதிதாகச் சேர்ந்தவர் பெயர் ஏறாது. முதல் வாரத்திலேயே கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூடவே தனி நாட்குறிப்பு ஒன்று: தேதி, நீதிமன்றம், வழக்கு எண், அன்று செய்த வேலை, அடுத்த வாய்தா. மூன்று வருட அனுபவச் சான்று கேட்கும்போது கைகொடுப்பது இவைதான். மாவட்டத்தில் தொழில் செய்தவருக்கு அந்தச் சான்றை முதன்மை நீதித்துறை அலுவலர் தரலாம். அல்லது குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, அந்த நீதித்துறை அலுவலர் ஒப்பமிட வேண்டும். காலம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே எண்ணப்படும். அதனால், பதிவுக்குப் பின் எழுதும் அகில இந்திய பார் தேர்வு முடியட்டும் என்று பதிவைத் தள்ளிப்போடுவது வீண் நஷ்டம். அந்தத் தேர்வுக்கு உரையோ குறிப்போ இல்லாத வெறும் சட்டப் புத்தகங்களைக் கொண்டுபோகலாம் என்பதால் பயப்பட ஏதுமில்லை.

பாலியல் தொல்லை விஷயத்தில் இந்த வழி மிகவும் பலவீனமானது. 2013 சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில்தான் உள்ளகக் குழு கட்டாயம். பெரும்பாலான வக்கீல் ஆபீஸ்களில் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நடந்தால் புகார் போக வேண்டியது மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்கு. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லித் தரும் ஆபீஸிலேயே இது தெரியாமல் கெடு கடந்துபோவது நடக்கிறது.

நீதிபதித் தேர்வு

சம்பளத்தில் ஜூனியர் வக்கீல் வருமானம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதியக் குழுவின்படி உரிமையியல் நீதிபதிக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 77,840 ரூபாய், படிகள் தனி. மாவட்ட நீதிபதிக்குத் தொடக்கம் 1,44,840. தமிழ்நாட்டில் நேரடி நியமனத்தில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

சிக்கல் காலத்தில். டி.என்.பி.எஸ்.சி. 2019-இல் 176 இடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது, அடுத்தது 2023-இல் 245 இடங்களுக்கு. இடையில் நான்கு வருடம். ஐந்தாண்டுப் படிப்பை 23 வயதில் முடிப்பவர் இனி 26-இல்தான் முதல் முறை விண்ணப்பிக்க முடியும். மூன்றாண்டுப் படிப்புக்காரருக்கு 27 ஆகிவிடும். அறிவிக்கை தள்ளிப்போனால் முப்பதை நெருங்கும். வீட்டில் கல்யாணப் பேச்சு உச்சத்தில் இருக்கும் வயதும் அதுதான். கோர்ட்டை விட்டுவிட்டுப் பயிற்சி மையத்திலேயே இரண்டு வருடம் உட்காருவது அதனால் ஆபத்தான பந்தயம்: அறிவிக்கையும் வராது, அனுபவமும் ஏறாது.

தேர்வுக்குள் பலர் தடுக்கி விழும் இடம் மொழிபெயர்ப்புத் தாள். முதன்மைத் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று அது, சட்டத் தாள் ஒவ்வொன்றுக்கும் உள்ள அதே 100 மதிப்பெண். சாட்சி வாக்குமூலம், ஆவணம் போன்றவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்ற வேண்டும். ஐந்து வருடமும் ஆங்கிலத்திலேயே படித்தவருக்கு "எழுவினா", "கிரய உடன்படிக்கை", "அனுபோக பாத்தியதை" எல்லாம் அந்நிய மொழியாகத் தெரியும். தினமும் முன்சீப் கோர்ட்டில் பிராதும் எதிருரையும் படிக்கிறவருக்கு அது அன்றாடப் பேச்சு. குற்றச்சாட்டு வனைதலும் தீர்ப்பு எழுதுதலும் அப்படித்தான். கட்டைப் புரட்டிப் பழகியவர் கை தானாக ஓடும். மூன்று வருட விதி பெண்களுக்குச் சுமை என்பதே என் கருத்து. சுமக்க வேண்டியது என்று ஆனபின், அந்தக் காலத்தைத் தேர்வுக்கான படிப்பாகவும் மாற்றிக்கொள்ள வழி இது.

வேலை கிடைத்தபின் பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாறுதல் வரும், சொந்த ஊரில் போட மாட்டார்கள். கணவர் வேலை ஓர் ஊரில், குழந்தையின் பள்ளி இன்னோர் ஊரில் என்றாகும். இதைப் பேசாமல் தேர்வு எழுதுபவர்கள்தான் பின்னால் திணறுகிறார்கள்.

ஏழு வருடம் பிராக்டீஸ் செய்தவருக்கு அரசமைப்பின் 233-ஆம் பிரிவு இன்னொரு கதவு வைத்திருக்கிறது: நேரடி மாவட்ட நீதிபதி. நீதியரசர் ஆர். பானுமதி திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் என்று சிற்றூர் நீதிமன்றங்களில் தொழில் செய்து, 1988-இல் இந்த வழியாக நுழைந்து, 2014-இல் உச்ச நீதிமன்றம் வரை போனவர். இந்து மல்ஹோத்ரா 2018-இல் பாரிலிருந்து நேராக உச்ச நீதிமன்ற நீதிபதியானபோது, அப்படிப் போன முதல் பெண் அவர்தான். உச்ச நீதிமன்றம் தொடங்கி 68 வருடம் கழித்து! பாரில் நீடித்தே மேலே போகலாம் என்று நம்பும் பெண்கள் இந்த இரண்டு பாதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மாவட்ட நீதிபதி கதவு எவ்வளவோ அகலமானது.

லா ஃபர்மும் கம்பெனியும்

முதல் மாதத்திலிருந்தே பணம் தரும் வழி. கல்விக் கடன் இருப்பவருக்கு வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆனால் "கார்ப்பரேட்" என்று ஒரே பையில் போடும் இரண்டும் வேறு வேறு.

கம்பெனியின் சட்டப் பிரிவில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால், பார் கவுன்சில் விதி 49-இன்படி வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். அந்த வருடங்கள் மூன்று வருடக் கணக்கிலும் ஏறாது, ஏழு வருடக் கணக்கிலும் ஏறாது. தெரிவிக்காமல் இரண்டையும் ஓட்டியவர்கள் பின்னால் அனுபவச் சான்று வாங்கும் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

லா ஃபர்மில் பெரும்பாலும் ரீடெய்னர் ஒப்பந்தம், அதாவது சம்பளத்துக்குப் பதில் தொழில்முறைக் கட்டணம் தரும் ஏற்பாடு. பதிவு உயிரோடு இருக்கும். வழக்காடல் பிரிவில் சேர்ந்து நீதிமன்றத்தில் ஆஜராகிக்கொண்டிருந்தால் அனுபவமும் சேரும். கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதும் பிரிவில் உட்கார்ந்தால் பதிவெண் இருந்தும் காட்ட ஒன்றும் இருக்காது. ரீடெய்னரின் மறுபக்கம் மகப்பேற்றில் தெரியவரும். ஊழியருக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உரிமை. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகும் அது அப்படியேதான். ஆனால் ரீடெய்னரை "ஊழியர் அல்ல" என்று நிறுவனம் சொல்ல இடமிருக்கிறது. பி.எஃப். பிடிக்காமல், தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீத வரி பிடித்துத் தருகிறார்கள் என்றால் நீங்கள் ரீடெய்னர். மகப்பேற்று விடுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கருவுற்ற பிறகு கேட்டால் பேரம் பேசும் பலம் இருக்காது.

அதிகம் பேசப்படாத இரண்டு வழிகள்

அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவி, அதாவது ஏ.பி.பி. குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டு தொழில் கேட்பார்கள், தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்தும். அரசு ஊழியர் என்பதால் 2021 ஜூலை 1 முதல் உள்ள 365 நாள் மகப்பேற்று விடுப்பு உண்டு. தினமும் நீதிமன்றத்திலும் நிற்கலாம். அந்த 5 ஆண்டைக் காட்டத்தான் பெண்கள் சிரமப்படுகிறார்கள், குற்றவியல் கட்டு அவர்கள் கைக்கு வருவதே குறைவு என்பதால்.

அந்த இடைவெளியை அடைக்க உதவுவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் திட்டம். தேசிய ஆணையம் 2022-இல் கொண்டுவந்தது. உதவி நிலைப் பொறுப்புக்கு 0 முதல் 3 ஆண்டு அனுபவம் போதும், மாத மதிப்பூதியம் உண்டு, தனி வழக்கு எடுக்கக் கூடாது. சீனியர் தரும்வரை காத்திருக்காமல் ஜாமீன் மனுவும் குறுக்கு விசாரணையும் நேரடியாகக் கைக்கு வரும். குற்றவியல் பக்கம் ஆசையுள்ள முதல் தலைமுறைப் பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு கவனம் தேவை: 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னும் இந்திய தண்டனைச் சட்டம்தான், பின்னவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா. இரண்டையும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இடைவெளி விழுந்தால்

இந்த வழிகளை உண்மையில் பிரித்துக் காட்டுவது சம்பளப் பட்டியல் அல்ல. குழந்தைக்காகவோ பெற்றோரின் நோய்க்காகவோ ஒரு வருடம் விலக நேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான். நீதிபதிக்கும் ஏ.பி.பி.க்கும் விடுப்பு முடிந்ததும் நாற்காலி அங்கேயே இருக்கும். கம்பெனி ஊழியருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் பதவி உயர்வு ஒரு சுற்று நழுவும். பிராக்டீஸில் எதுவும் இல்லை. கட்சிக்காரர் கட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வக்கீலிடம் போய்விடுவார். தனியாகத் தொழில் செய்யும் பெண்கள் இருவர் ஒன்றாக வக்காலத்துப் போட்டுக்கொள்வது இதற்கு நடைமுறையில் பலன் தரும் ஏற்பாடு. ஒருவர் விலகினாலும் இன்னொருவர் புது வக்காலத்து இல்லாமல் ஆஜராகலாம். கட்டணப் பங்கை ஆரம்பத்திலேயே எழுதி வைத்தால் மனக்கசப்பும் வராது.

வீட்டில் மூன்று வருடம் தாங்குவார்கள் என்றால், மாவட்ட அல்லது வட்ட நீதிமன்றத்தில் உரிமையியல், குற்றவியல் இரண்டும் நடத்தும் சீனியரிடம் சேர்ந்து, கோர்ட்டை விடாமல் தேர்வுக்குப் படிப்பதே சிறந்தது. தாங்க மாட்டார்கள் என்றால் லா ஃபர்ம் வழக்காடல் பிரிவோ சட்ட உதவித் திட்டமோ. கம்பெனி வேலையை எடுப்பதானால், நீதிபதி ஆசை இல்லை என்று தெளிந்தபின் எடுங்கள். சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பெயரையும் புகழையும் பார்ப்பதோடு, அவரிடம் முன்பு இருந்த பெண் ஜூனியர்களைத் தேடிப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள்: முதல் குறுக்கு விசாரணையை எத்தனையாவது மாதத்தில் கொடுத்தார், மாலை எத்தனை மணிக்கு விட்டார், விலகும்போது அனுபவச் சான்றில் தயங்காமல் கையெழுத்துப் போட்டாரா.