நுரையீரல் ஓரத்துக் கட்டி: உள்ளால் போவதா, வெளியால் குத்துவதா?

கல்லடியில் எங்கள் முற்றத்தில் ஒரு வாரமாக இதே பேச்சுத்தான். மாமாவின் வலது நுரையீரல் அடிமடலில், விலாவை ஒட்டி, 2 சென்ரிமீற்றரளவில் கட்டி. "மூக்குக்குள்ளால கமெரா விட்டு ஒரு துண்டு எடுத்தாச் சரிதானே மருமகன்?" என்கிறார். அவ்வளவு லேசில்லை.

காற்றுக்குழாய்க்குள் விடும் அந்தக் கமெராக் குழாய்தான் பிரொங்கோஸ்கோப். சாதாரணமானது 5, 6 மில்லிமீற்றர் தடிப்பம். வாதனாளிக்குக் கீழே காற்றுக்குழாய்கள் ஏறக்குறைய 23 தடவை கிளைவிடுகின்றன. நாலாம் ஐந்தாம் கிளையோடு கமெரா இறுகி நின்றுவிடும். 3 மில்லிமீற்றர் மெல்லிய கருவி இன்னும் கொஞ்சம் போகும். அங்கே சந்திகளெல்லாம் ஒரே சாயல். கருவி சற்றுத் திரும்பினால் படமும் திரும்பி, இடமெது வலமெது என்று தெரியாது. நடுவிலுள்ள கட்டிக்கு இது போதும். ஓரத்துக்கு நான் நம்பமாட்டேன்.

சி.ரி. ஸ்கானிலிருந்து கணினி வரைபடம் செய்து வழிகாட்டும் முறைகள் வந்துவிட்டன: மின்காந்தத்தால் கருவி நிற்கும் இடத்தைக் காட்டுவது, பிறகு ரோபோ (அமெரிக்காவில் மொனார்க் என்ற கருவிக்கு 2018இல் அனுமதி, அயனுக்கு 2019இல்). ஆனால் ஸ்கான் எடுத்தது மூச்சை முட்ட இழுத்துப் பிடித்தபோது. மயக்கத்தில் நுரையீரல் சுருங்கும், கட்டி இடம் மாறும். அடிமடலில்தான் அது அதிகம். மாரி வெள்ளத்தில் வரைந்த வாவிப் படத்தைப் பார்த்து, முகத்துவாரம் வெட்டி நீர் வடிந்தபின் தோணி விட்டதுபோல. அதனால் போன இடத்தில் அல்ட்ராசவுண்டோ மேசையிலேயே எடுக்கும் ஸ்கானோ வைத்துச் சரிபார்க்க வேண்டும். அல்ட்ராசவுண்டும் ஏமாற்றும்: மயக்கத்தில் காற்றிழந்த நுரையீரல் கட்டிபோலவே தெரியும்.

விலாவழியே ஊசி குத்தித் துண்டு எடுப்பதில் இந்தச் சுற்றுவழி இல்லை. விலை வேறு: நுரையீரலிலிருந்து நெஞ்சறைக்குள் காற்றுக் கசிவு. 2025இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 10 முதல் 30 மில்லிமீற்றர்க் கட்டிகளுக்கு வழிகாட்டு முறை 79 வீதமும் ஊசி 73.6 வீதமும் சரியான முடிவு தந்தன. கசிவோ முறையே 3.3 வீதமும் 28.3 வீதமும்! மாமா நாற்பது வருடம் சுருட்டுக் குடித்தவர். காற்றறைகள் சிதைந்த நெஞ்சில் கசிவு பயம் கூட. ஆனாலும் ரோபோவைத் தேடி மாதக்கணக்கில் அலைவதைவிட, பழகிய கையால் குத்தும் ஊசி மேல் என்பேன்.

ஒரேயொரு விடயம் என் மனதை மாற்றும். ஸ்கானில் ஏதாவது காற்றுக்குழாய் நேரே கட்டிக்குள் போகிறதா? போனால் உள்வழியில் பிடிபடும் வாய்ப்பு நன்றாகக் கூடும். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கச் சொல்லித் துண்டில் எழுதி மாமாவின் சட்டைப்பையில் வைத்தேன்.

"வாய்க்கால் இருக்கா எண்டு கேக்கணும், அவ்வளவுதானே?" என்றார் மாமா.