மதில் உடைந்த நாளா, பிறகு வந்த காலமா: 2010களின் சிறந்த அனிமேஷன் தொடர் எது?

2010 முதல் 2019 வரை வந்த அனிமேஷன் தொடர்களில் எது முதலிடம் என்று கேட்டால், கிளிநொச்சியில் எங்களுக்குத் தெரிந்த பெடியளில் பாதிப்பேர் யோசிக்காமல் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்பார்கள். புதுக்குடியிருப்பில் இருக்கிற என் மச்சான் அதற்கு மேல் யாரையும் கதைக்கவே விடமாட்டான். என் தெரிவு ‘அட்வென்ச்சர் டைம்’. மிட்டாய் இராச்சியமும் பேசுகிற நாயும் வருகிற ஒன்றை, மனிதரைத் தின்கிற இராட்சதர்களான டைட்டன்களுக்கு மேலே வைப்பதா என்று அவனுக்குக் கோபம். அவனுக்குப் பதில் சொல்வதென்றால் வேறு சில தொடர்களையும் இழுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. இந்தத் தொடர்கள் ஒளிபரப்பான காலத்தில் நாங்கள் அவற்றைப் பார்க்கவில்லை. ‘அட்வென்ச்சர் டைம்’ 2010 ஏப்ரலில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கியபோது வன்னிச் சனத்தில் கனபேர் இன்னும் முகாமில். ஊர் திரும்பியவர்கள் தறப்பாளுக்குக் கீழே. அந்தப் பெரிய முகாமான மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். பிறகு கரண்ட் வந்தது, நல்ல போன் வந்தது, கொமினிகேசன் கடைகளில் சிப்புக்குள் படம் ஏற்றித் தந்தார்கள். 2013இல் வந்த தொடரை 2017இல், 2012இல் வந்ததை 2019இல் என்று முன்பின்னாகத்தான் பார்த்து முடித்தோம். கிழமைக்கு ஒன்றாகக் காத்திருந்த நினைவு எங்களிடம் இல்லை.

இதனால் அதிகம் நட்டப்பட்டது ‘கிராவிட்டி ஃபால்ஸ்’. அலெக்ஸ் ஹிர்ஷ் உருவாக்கி 2012 யூனிலிருந்து 2016 பெப்ரவரி வரை வந்த 40 அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் எழுத்துக்களை இடம் மாற்றி எழுதிய ஒரு இரகசிய வரி வரும். அடுத்த அத்தியாயம் வருமுன் அதை அவிழ்ப்பதுதான் பார்ப்பவர்களுக்கு வேலை. 2015 மார்ச்சில், கிழவர் ஸ்டானுக்கு இரட்டைச் சகோதரன் இருக்கிறான் என்று காட்டிவிட்டு, மிச்சக் கதையை யூலையில்தான் சொன்னார்கள். உலகம் நாலு மாதம் காத்திருந்த விடை எங்களுக்கு நாலு செக்கனில் கிடைத்தது. எங்கள் வீட்டில் தங்கச்சி ஒருத்திதான் படத்தை நிறுத்தி நிறுத்தி, ரியூசன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுத்துக்களை மாற்றிப் பார்த்தாள். அவளைக் கேட்டால் இதுதான் முதலிடம். அவளுக்கு அது நியாயம். மற்றவர்களுக்கு ஒரு நல்ல மர்மக் கதை, அவ்வளவுதான்.

பார்த்த தலைகளை எண்ணி முடிவு செய்வதென்றால் வன்னியில் போட்டியே இல்லை, ‘சோட்டா பீம்’ வென்றுவிடும். அது 2008இலேயே தொடங்கிவிட்டது என்று சொல்லி வெளியே தள்ளலாம். தள்ளாவிட்டாலும் என் பட்டியலில் வராது. பீமுக்கு லட்டு, 2012இல் வந்த மோட்டுவுக்குச் சமோசா, அதற்கெல்லாம் முன்னே போப்பாய்க்குக் கீரை. எதையாவது தின்றதும் சண்டை முடிந்துவிடுகிறது.

‘போஜாக் ஹோர்ஸ்மன்’ வேறு சங்கதி. வசனம் எழுதப்பட்ட விதத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பத்தாண்டில் அதைத் தாண்ட ஒன்றுமில்லை. ஆனால் பகிடிகளில் பாதி ஹொலிவூட்டைப் பற்றியது. யாரைச் சொல்லி நக்கலடிக்கிறார்கள் என்று தெரியாமல் சப்டைட்டிலை நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தால் சிரிப்பு ஆறிவிடும். 2016இல் வந்த கடலடி அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு. ஏறக்குறைய வசனமே இல்லை. தகப்பனைத் தவறவிட்ட ஒரு குட்டிக் கடற்குதிரையைக் கொண்டுபோய்ச் சேர்க்க, குடிகார நடிகன் ஒருவன் கடலுக்கடியில் திண்டாடுகிறான். அம்மம்மா கடைசி வரைக்கும் இருந்து பார்த்தா. அடுத்த வருடம், மறதி நோய் வந்த அந்த நடிகனின் தாயின் தலைக்குள் இருந்தே ஒரு அத்தியாயத்தைச் சொன்னார்கள். மனிதர்களுக்கு முகம் இல்லை. ஒரு பெண்ணின் முகம் கிறுக்கி அழிக்கப்பட்டிருக்கும். அது எவருக்கும் விளங்கும். இப்படி நாலைந்து அத்தியாயங்களை வைத்து மூன்றாம் இடம் கொடுக்கலாம். முதலிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. கடைசி எட்டு அத்தியாயங்களும் 2020 ஜனவரியில் வந்தவை என்ற கணக்குப் பிரச்சினையும் இருக்கிறது.

‘கோரா’வைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். ‘அவதார்’ தொடரின் அடுத்த தலைமுறைக் கதை, 2012 முதல் 2014 வரை, 52 அத்தியாயங்கள். மூன்றாம் பாகத்தின் முடிவில் கோராவின் உடம்புக்குள் உலோக நஞ்சை ஏற்றுகிறார்கள். அவள் வெல்கிறாள், ஆனால் கடைசிக் காட்சியில் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அடுத்த பாகம் மூன்று வருடம் கழித்துத் தொடங்குகிறது. நடக்கிறாள், சண்டை பிடிக்கிறாள், ஆனால் பழைய கோராவாக இல்லை. தன்னுடைய உருவமே சங்கிலியோடு எதிரே வந்து நிற்கிறது. சதுப்புக் காட்டில் இருக்கிற கிழவி டோஃப்தான், நஞ்சின் மிச்சம் இன்னும் உள்ளே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கிறாள். டோஃப் எடுக்கப் பார்க்கும்போது கோராவின் உடம்பு விறைத்து மறிக்கிறது. கடைசியில் கோராவே அதை வெளியே எடுக்கிறாள்.

இந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது பெரியம்மா அறைக்குள் வந்தா. அவவின் தோளுக்குள் செல் பீஸ், எறிகணைத் துண்டு, இரண்டு இருக்கிறது. நரம்புக்குக் கிட்ட இருப்பதால் விடச் சொல்லிவிட்டார்கள். மாரி காலத்தில் உளைச்சல் வரும். கதையைச் சுருக்கமாகச் சொன்னோம். “உப்பிடி எடுக்கலாமெண்டால் நானும் அந்தக் கிழவியிட்டப் போயிருப்பனே” என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. வன்னியில் உடம்புக்குள் இரும்போடு நடமாடுகிற ஆட்களை எண்ணி முடியாது. காயம் ஆறின பிறகும் மிச்சம் கிடப்பதை ஒரு சிறுவர் தொடர் இவ்வளவு பொறுமையாகக் காட்டியது பெரிய விசயம்தான். ஆனால் முழுத் தொடர் என்று வரும்போது சறுக்குகிறது. முதல் பாகத்தைத் தனிக் கதையாக, 12 அத்தியாயங்களில் முடிக்கத்தான் திட்டம். பிறகு ஒட்ட ஒட்ட நீட்டினார்கள். இரண்டாம் பாகம், முதல் அவதாரின் பழங்கதை தவிர, சவசவ என்று போகும்.

சரி, மச்சானின் கட்சிக்கு வருவோம். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ 2013 ஏப்ரலில் தொடங்கியது. ஹாஜிமே இசயாமாவின் மங்கா, முதல் மூன்று பருவங்களும் விட் ஸ்டூடியோவின் கை. எல்லாரும் பேசுவது லீவாய் என்ற வீரனின் சண்டையைப் பற்றி. என்னைப் பிடித்தது இரண்டாவது அத்தியாயம். டைட்டன்களை மறித்து நின்ற வெளிமதில் உடைந்த பிறகு சனம் உள்மதிலுக்குள் வந்து குவிகிறது. பாணுக்கு வரிசை. தங்கள் பங்கைத் தின்ன வந்தவர்கள் என்று உள்ளே இருந்த படைக்காரன் எரிச்சல்படுகிறான். கதாநாயகன் எரென் அவனோடு முட்டப்போய் அடிவாங்குகிறான். அடுத்த வருடம், இழந்த நிலத்தை மீட்பது என்ற பேரில் இரண்டரை இலட்சம் பேரை வெளியே அனுப்புகிறார்கள். திரும்பியவர்கள் நூற்றுச் சொச்சம். மிச்சப் பேருக்குச் சாப்பாடு காணும். எரெனின் கூட்டாளி ஆர்மினின் கையில் தாத்தாவின் தொப்பி மட்டும் மிஞ்சுகிறது. இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இடம்பெயர்ந்தவனுக்கு என்ன நடக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக வேறொரு கார்ட்டூன் காட்டி நான் பார்க்கவில்லை. இதில் மச்சானோடு எனக்கு வழக்கில்லை.

வழக்கு இரண்டு இடத்தில். பத்தாண்டு என்ற எல்லை இந்தத் தொடருக்குப் பெரிய உதவி செய்கிறது. 2019 யூலையில் மூன்றாம் பருவம் கடற்கரையில் முடிந்தது. மதிலுக்கு வெளியே இருப்பதும் மனிதர்கள்தான் என்று தெரிந்துவிட்டது. எரென் அக்கரையைக் காட்டி, அங்கே இருக்கிற எதிரிகளை எல்லாம் கொன்றால் எங்களுக்கு விடுதலையா என்று கேட்கிறான். அதோடு நிறுத்தினால் அருமையான கேள்வி. 2023 நவம்பர் வரை போனால் அதற்கான பதில் வருகிறது: மதிலுக்கு அப்பாலுள்ள உலகத்தில் பெரும்பங்கை மிதித்து அழிப்பது. கேள்விதான் நன்றாக இருந்தது. பத்தாண்டுக்கு உள்ளே வந்ததை மட்டும் பார் என்று மச்சான் சட்டம் பேசுகிறான். அதனால்தான் இரண்டாம் இடமாவது கொடுக்கிறேன்.

மற்றது, அந்தக் கதையில் எல்லாரும் மதில் உடைந்த அந்த நாளிலேயே நிற்கிறார்கள். ஒருவரும் கூரை மேய்வதில்லை, ஒருவருக்கும் சும்மா ஒரு பின்னேரம் கிடையாது. முதல் நாளின் கணக்கைத் தீர்ப்பதுதான் முழு வாழ்க்கையும். வெளியிலிருந்து வன்னியைப் பற்றிக் கதை எழுத வருகிறவர்களும் எங்களை அந்த ஒரு நாளிலேயே நிற்பாட்டி வைத்திருப்பார்கள்.

‘அட்வென்ச்சர் டைம்’ நடப்பது காளான் யுத்தம் என்ற அணுப்போர் முடிந்து ஆயிரம் வருடம் கழித்து. பூமியைத் தூரத்திலிருந்து காட்டும்போது ஒரு பெரிய துண்டு பிய்ந்துபோயிருக்கும். ஃபின் என்ற பெடியனும் ஜேக் என்ற நாயும் விளையாடுகிற புல்வெளிகளுக்குப் பின்னால் துருப்பிடித்த பழைய உலகத்துச் சாமான்கள் கிடக்கும். கதை அங்கே நின்று இதைப் பார் என்று காட்டாது; தன்பாட்டில் போகும். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகைக்கு இந்தப் பக்கம் ‘விக்கெட்’ நட்டு விளையாடின பெடியளும் அப்படித்தான் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் பனிராசா என்று ஒருவர் வருவார். இளவரசிகளைக் கடத்துகிற கிறுக்கர், ஒவ்வொரு முறையும் உதை வாங்குவார். மூன்று பருவம் அவரைப் பார்த்துச் சிரிக்க விட்டுவிட்டு, 2012 ஒக்டோபரில் ‘ஐ ரிமெம்பர் யூ’ என்ற அத்தியாயத்தில் கணக்கை மாற்றுகிறார்கள். யுத்தத்துக்கு முன்னர் அவர் சைமன் என்ற ஆராய்ச்சியாளர். இடிபாடுகளுக்குள் தனியாக அழுதுகொண்டிருந்த ஏழு வயதுப் பிள்ளை மார்சலினைக் கண்டெடுத்துக் காப்பாற்றினவர். தலையில் வைக்கிற கிரீடம் அவருக்குப் பலம் கொடுக்கிறது, மூளையைத் தின்கிறது. நினைவு போகப்போகிறது என்று தெரிந்து அந்தப் பிள்ளைக்குத் துண்டுக் காகிதங்களில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது அவருக்கு அதுவும் ஞாபகமில்லை. பாட்டு எழுத ஏதோ பழைய தாள் என்று மார்சலினிடமே கொண்டுவருகிறார். அவள் வாசித்துப் பாடுகிறாள், அவர் உற்சாகமாகத் தாளம் போடுகிறார். பதினொரு நிமிடம்தான். சந்தியில் பெடியள் நக்கலடிக்கிற ஒரு மனிதர் முன்னர் யாராக இருந்தார் என்று யோசிக்க வைக்க, டைட்டன்களின் எல்லா மதிலும் சேர்ந்தும் முடியவில்லை.

குறைகள் இருக்கின்றன. 283 அத்தியாயங்கள், பலவற்றில் எனக்கு ஒரு ஈடுபாடும் இல்லை. முதல் பருவம் வெறும் கூத்து. மச்சான் ஐந்தாவது அத்தியாயத்தோடு விட்டவன். சைமனின் அத்தியாயத்திலிருந்து தொடங்கு என்றும் சொல்ல முடியாது, முதலில் பனிராசாவைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். 2018 செப்டெம்பரில் வந்த கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரிய யுத்தத்துக்கு அணிவகுக்கிறார்கள். அது நடக்காமலே போகிறது. பிறகு யாருக்கு என்ன ஆனது என்று முழுதாகச் சொல்லாமல், அவரவர் பாட்டில் வாழ்ந்தார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். இது முடிவா என்று மச்சான் கேட்கிறான். எனக்கு இது போதும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டீவன் யூனிவர்ஸ்’ செய்த ரெபெக்கா சுகர், ‘ஓவர் த கார்டன் வோல்’ செய்த பற்றிக் மக்ஹேல், இருவரும் இந்தத் தொடரில் வேலை செய்து வெளியே வந்தவர்கள். பத்தாண்டின் சிறந்தது என்றால் மற்றவர்களுக்கு வழிவிட்டதையும் கணக்கில் எடுக்கத்தானே வேண்டும்.

‘ரிக் அண்ட் மோர்ட்டி’யை விட்டதற்கு யாரும் கோபிக்க வேண்டாம், தன் கெட்டித்தனத்தைத் தானே இரசிக்கிற தொடர் அது. நாலாம் இடம் ‘ஹண்டர் எக்ஸ் ஹண்டர்’, 2011இல் தொடங்கியது. எறும்பு அரசனும் பார்வையில்லாத பெண் கொமுகியும் பலகையில் காய் நகர்த்துகிற பகுதிக்காகவும், அந்த அரசனை வீழ்த்துவது மலிவு விலைக் குண்டொன்றின் நஞ்சுதான் என்பதற்காகவும். ஐந்தாம் இடத்துக்கு நான் ‘ஓவர் த கார்டன் வோல்’ என்கிறேன். பத்தே அத்தியாயம், ஒரு இரவில் முடியும். தங்கச்சி ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ என்கிறாள். மச்சான் முதலிடத்தை மாற்றினால்தான் ஐந்தாம் இடத்தைப் பற்றிக் கதைப்பானாம்.