பி550 மதர்போர்டு நாலு வருஷம்: கோபமெல்லாம் அந்த ரெண்டு சாட்டா போர்ட் மேலதான்

ஏற்காட்டு நண்பரோட எச்110 போர்டு (பழைய இன்டெல் மதர்போர்டு) போயிருச்சு. "ரேம், ஹார்டு டிஸ்க் எல்லாம் அப்படியே வேணும், எந்த போர்டு வாங்கலாம்?"னு கேட்டார். சேலத்துல நாலு வருஷமா ஓடுற ஒரு பி550 ஏடிஎக்ஸ் போர்டை (ஏஎம்டி பிராசஸருக்கான முழு அளவு மதர்போர்டு) வச்சு இந்தப் பதில்.

பழைய ரேம் டிடிஆர்4-ஆ இருந்தா ஏஎம்4 சாக்கெட் (பிராசஸர் உட்கார்ற இடம், பி550-ல இருக்கிறது இதுதான்) போதும். அடுத்து வந்த ஏஎம்5-ல டிடிஆர்5 மட்டும்தான் ஏறும், இருக்கிற ரேம் வீண். ரெண்டு ரேமையும் பிராசஸர் பக்கத்துல இருந்து ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடுங்க. ஏற்காட்டு ஈரத்துல ரேமோட காண்டாக்ட் கறுத்திருக்கும். பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, தூள் ஒட்டாம துடைச்சுட்டுப் போடுங்க.

இந்த போர்டுல மனசு நிறைஞ்சது பின்பக்கம் இருக்கிற பயாஸ் ஃப்ளாஷ் பட்டன். பயாஸ்னா போர்டை எழுப்பிவிடுற மென்பொருள், அதைப் புதுப்பிக்கத்தான் இந்த பட்டன். பி550 வந்தது 2020 ஜூன், ஏஎம்டியோட ரைசன் 5000 பிராசஸர் வந்தது அதே வருஷம் நவம்பர். பழைய ஸ்டாக் போர்டு புது பிராசஸரை அடையாளம் காணாம கறுப்புத் திரையோட நிக்கலாம். பட்டன் இருந்தா பயாஸைப் புதுப்பிக்க பிராசஸரே வேண்டாம். பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி, டவுன்லோட் பண்ணின புது பயாஸ் ஃபைலுக்கு மேனுவல் சொல்ற பேரை வச்சு அதுல போட்டு, குறி போட்ட யூஎஸ்பி போர்ட்ல சொருகுங்க. 24 பின், 8 பின் ரெண்டு பவர் கேபிளும் கொடுத்து, பட்டனை 3 வினாடி அழுத்தினா விளக்கு சிமிட்டும். அது தானா நிக்கிற வரைக்கும் தொடாதீங்க. யூபிஎஸ்ல வச்சே செய்யுங்க. மலையில இடி மழை நேரத்துல வேண்டவே வேண்டாம், பாதியில கரண்ட் போனா பயாஸ் கெட்டுரும்.

இப்போ எரிச்சல். பெட்டி மேல 6 சாட்டா (கேபிள் வழியா டிஸ்க் மாட்டுற போர்ட்), 2 எம்.2 ஸ்லாட் (போர்டுலயே எஸ்எஸ்டி சொருகுற இடம்)னு போட்டிருக்கும். ரெண்டாவது எம்.2-ல எஸ்எஸ்டி போட்ட அந்த நிமிஷமே 5, 6-ம் சாட்டா போர்ட் செத்துரும். சிப்செட்டுல (போர்டுல இருக்கிற போர்ட்களை நிர்வகிக்கிற சிப்) இருந்து வர்ற பாதையை அதுங்க பங்கு போட்டுக்குது. எச்சரிக்கை கிடையாது, பயாஸ்ல டிஸ்க் காணாமப் போகும், அவ்வளவுதான். டிஸ்க் போச்சுன்னு நினைச்சு கேபிள் மாத்துவோம், பவர் சப்ளை மாத்துவோம். மேனுவல்ல பொடி எழுத்துல ஒரு வரி! பழைய டிஸ்க்கை எல்லாம் கொண்டு வர்றவருக்கு இதைவிட முக்கியமான வரி வேற எது? பெட்டி மேலேயே போட்டிருக்கணும். கடையில காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி மேனுவலை டவுன்லோட் பண்ணி 'சாட்டா'ன்னு தேடிப் பாருங்க.

விண்டோஸ் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில (டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற பழைய வழி) இருந்தா, யூஇஎஃப்ஐ (புது மாதிரி பயாஸ்) முறையில மட்டும் ஓடுற போர்டு அதுல இருந்து பூட் ஆகாது. டேட்டாவை பேக்கப் எடுத்துட்டு, விண்டோஸ் 10 இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி, ஷிஃப்ட்+எஃப்10 தட்டி எம்பிஆர்2ஜிபிடி கமாண்டை (டிஸ்க்கைப் புது ஜிபிடி முறைக்கு மாத்துறது) முதல்ல வேலிடேட், அப்புறம் கன்வெர்ட்டுன்னு ஓட்டுங்க. பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) போட்டிருந்தா ரெகவரி கீயை முன்னாடியே எழுதி வச்சுக்கங்க.

ரைசன் 5 5600-ல டிஸ்பிளே வராது, தனி கிராஃபிக்ஸ் கார்டு வேணும். கார்டு இல்லேன்னா 5600ஜி.

நாலு வருஷத்துல ஒரு ரிப்பேர் இல்ல, சேலத்து மே மாச வெயில்லயும் ஒரு தடவைகூட நிக்கல. ஆனா இதே போர்டைத் திரும்ப வாங்க மாட்டேன். நண்பருக்கு மட்டும் வாங்கச் சொல்லிட்டேன், அவர்கிட்ட இருக்கிறது ரெண்டே டிஸ்க்.