எச்சில் கிட்டும் ரத்தப் பரிசோதனையும்

அம்மாவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சித்திக்குச் சினைப்பையில். எனக்கு 34 ஆனதும் பயம் பிடித்துக்கொண்டது. முதலில் ஆன்லைனில் ஒரு டிஎன்ஏ கிட் வாங்கி, குழாயில் கோடு வரை எச்சில் துப்பி கூரியரில் அனுப்பினேன். வந்த ரிப்போர்ட்டில் காபி ஒத்துக்கொள்ளுமா, எந்த உடற்பயிற்சி நல்லது என்று பக்கம் பக்கமாக இருந்தது. புற்றுநோய்க்கு 'மிதமான ஆபத்து' என்று ஒரு மஞ்சள் கட்டம். எந்த மரபணுவைப் பார்த்தார்கள் என்ற விவரமே இல்லை. அந்தக் காசு தண்டம்.

அப்புறம்தான் மருத்துவமனையில் மரபியல் ஆலோசகரைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, மூன்று தலைமுறைக்கு யாருக்கு எந்த வயதில் என்ன நோய் என்று கேட்டுக் கேட்டு குடும்ப வரைபடமாக வரைந்தார். "முதல்ல அம்மாவுக்குப் பாத்துடலாம்மா" என்றார். நோய் வந்தவரிடம் இருக்கும் மரபணு மாற்றம் எது என்று தெரிந்தால்தான், எனக்கு 'இல்லை' என்று வந்தால் அதை நம்பலாமாம். இந்த ஒரு விளக்கத்துக்கே அவருக்குக் கொடுத்த பீஸ் தகும்.

அம்மாவுக்கு பிஆர்சிஏ1 என்ற மரபணுவில், மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்தைக் கூட்டும் ஒரு மாற்றம் இருந்தது. பிள்ளைகளுக்கு அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்ததால் செலவு குறைவு.

எனக்கும் இருக்கிறது. ஆலோசகர் அதைப் போனில் சொல்லாமல், நேரில் கூப்பிட்டு, என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அன்று அழுதேன். ஆனால் இப்போது வருடாவருடம் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கிறேன், 40 வயதுக்குள் சினைப்பையை எடுத்துவிடுவது பற்றி டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆண்கள் வழியாகவும் இது பிள்ளைகளுக்குப் போகும் என்பதால், அடுத்த வாரம் தம்பியும் இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிறான்.