சுங்கை சிப்புட்டிலிருந்து இரண்டு நாள் பஸ் சுற்றுலா: போகலாம், ஆனால் கோலகங்சாரில் நேரம் கேட்டு வாங்குங்கள்

போன மாதம் அம்மாவையும் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு, எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் நடத்தும், மலேசியாவின் பேராக் மாநிலத்தைச் சுற்றிக் காட்டும் சுற்றுலாவுக்குப் போய் வந்தேன். ஆளுக்கு 260 வெள்ளி (ரிங்கிட்), ஈப்போவில் ஒரு இரவு தங்கல் சேர்த்து. காலை 6.30க்கு வரச் சொன்னார்கள், பஸ் வந்ததோ 7.15க்கு. வயதானவர்களை அவ்வளவு நேரம் நிற்க வைத்தது தப்பு.

முதலில் தாப்பா பக்கம் லாத்தா கிஞ்சாங் அருவி. நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் மலையில் வெள்ளைக் கோடு மாதிரி பார்த்திருப்பீர்கள், அதேதான். கிட்டே போனால் சத்தமே வேறு. கீழே பாறையில் உட்கார்ந்து, கொண்டுபோன நாசி லெமாக்கைப் பிரித்துப் பசியாறினோம். மேலே ஏறும் படிகள் வழுக்கும், முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுவது நல்லது. அன்று மாலை ஈப்போவில் ரயில் நிலையமும் பழைய கடைத்தெருவும், சரி, பார்த்தோம்.

மறுநாள் கோலகங்சார். பேராக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங்கில் லாபு செய்யும் பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள், கொடுத்த காசு அங்கேயே எனக்குச் சரியாகிவிட்டது. சுரைக்காய் வடிவத்தில் மண் கூஜா, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றி, சூளையில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் உமியில் புதைக்கிறார்கள். உமி புகைந்து அந்தக் கறுப்பு ஏறுகிறது, சாயம் எதுவும் இல்லை. இப்போது அச்சில் வார்ப்பதும் நிறைய உண்டு, ஆனால் அங்கே இருந்த மலாய்க்கார பாட்டி கையாலேயே பிடித்துக் காட்டினார். அம்மா ஒரு கூஜா வாங்கினார், தண்ணீர் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

அப்புறம் 1917-இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசல். ஈப்போ ரயில் நிலையத்துக்கு வரைபடம் போட்ட கட்டடக் கலைஞர் ஹப்பாக்தான் இதையும் வரைந்தவர் என்று வழிகாட்டி சொன்னதும், முதல் நாள் பார்த்த குவிமாடங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

என் மனக்குறை இனிமேல்தான். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து கோலகங்சாருக்குக் கொண்டுவந்து நட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னமும் அங்கே சாலையோரம் மரமாக நிற்கிறது. பஸ் நிற்கவில்லை. வழிகாட்டி மைக்கில் ஒரு வரி சொன்னார், அவ்வளவுதான். 31 வருஷம் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் வடியும் மங்கு துடைத்து, மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் சேர்த்தவர் என் அம்மா. "நிப்பாட்டச் சொல்லுப்பா" என்றார். நான் எழுந்து போய்க் கேட்டேன், தைப்பிங் போக நேரமாகிறது என்றார்கள். கைவினைக் கடையில் ஒன்றரை மணி நேரம் இருந்த பஸ் அது. பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப்பேர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள், தோட்ட வேலைக்கென்று நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம், அதன் அடியில் பத்து நிமிஷம் நிற்க வேண்டாமா?

இத்தனை அவசரப்பட்டும் தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய அருங்காட்சியகம் மூடும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். ஏரித் தோட்டத்தில் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீர்மேல் கிளை சாய்த்து நிற்கின்றன, மழை பிடித்துக்கொண்டாலும் யாரும் பஸ்ஸுக்கு ஓடவில்லை.

ஓட்டுநர் நிதானமானவர், பஸ் சுத்தம், குளிர்சாதனம்தான் கொஞ்சம் அதிகம், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் ஏஜென்ட்டிடம் நேரில் போய்ச் சொன்னேன். அடுத்த பயணத்தில் மரத்தடியில் அரை மணி நேரம் நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். முன்பணம் கட்டும்போதே நீங்களும் கேளுங்கள். நிறுத்தினால் அம்மாவை மறுபடி கூட்டிப்போவேன்.