சிலிண்டரா, டேங்கா, டிரை ஐஸா: கார்பன் டை ஆக்சைடு வாங்கும்முன் ஒரு கணக்கு

சோடா ஃபேக்டரி, ஃபவுன்டன் மெஷின் வைத்த ஓட்டல், வெல்டிங் பட்டறை, ஐஸ்கிரீம் சப்ளை என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் கார்பன் டை ஆக்சைடு வருவது மூன்று வடிவில்தான்: அழுத்தமேற்றிய சிலிண்டர், குளிர்நிலைத் திரவமாக வைக்கும் டேங்க், உறைந்து கட்டியான டிரை ஐஸ். விற்பவர் கிலோ விலையில் பேச்சை ஆரம்பிப்பார். அதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியது வேறு. ஏதாவது கழன்றால், ஆள் நிற்கிற அறைக்குள் எத்தனை கிலோ வரும், எவ்வளவு சீக்கிரம் வரும்?

கணக்கு எளிது. 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பத்தில் சுமார் 540 லிட்டர் வாயுவாகும். 12-க்கு 10 அடி, 9 அடி உயரமுள்ள ஸ்டோர் ரூமின் கொள்ளளவு ஏறக்குறைய 30 கன மீட்டர். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு 5000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 5000 பங்கு), அதாவது அரை சதவீதம். அந்த அறை அந்த வரம்பைத் தொட 280 கிராம் கசிந்தால் போதும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவு 40,000 பிபிஎம், அதற்கு 2.2 கிலோ. 10 சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். எச்சரிக்க வாசனை கிடையாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையை ஒட்டியும் பள்ளத்திலும் தேங்கும். மேலே சொன்னது காற்றோடு சீராகக் கலந்தால் வரும் கணக்கு. முழங்கால் உயரத்தில் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும்.

சிலிண்டர்

அளவில் சிறியது, அதுதான் இதன் பலம். வழக்கமான பெரிய சிலிண்டரில் 30 கிலோ இருக்கும். மொத்தமும் அந்த ஸ்டோர் ரூமில் திறந்துகொண்டால் காற்றில் சுமார் 40 சதவீதம் வாயு; தப்ப முடியாது. ஆனால் அப்படி ஒரேயடியாகத் திறப்பது அபூர்வம். அன்றாடம் நடப்பது வாஷர் கசிவு. சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டர் நட்டுக்குள் இருக்கும் வாஷரை மாற்றாமல், பழையதையே ஸ்பேனர் போட்டு இறுக்குவார்கள். அது ஏற்கெனவே நசுங்கி ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும்; எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பள்ளம் வழியாகக் கசியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வாஷர், வால்வை மெதுவாகத் திறப்பது, பிறகு சோப்பு நுரை போட்டுப் பார்ப்பது: இந்த மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு தனி விஷயம் உண்டு. இந்த வாயுவின் மாறுநிலை வெப்பம், அதாவது எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் திரவமாக இருக்க முடியாத வெப்பம், 31 டிகிரி. 20 டிகிரியில் சிலிண்டருக்குள் 57 பார் அழுத்தம். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் காட்டும் கேஜின் முள் அங்கேயே நிற்கும். ஏப்ரல், மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் 40 டிகிரி ஆனால், சரியாக நிரப்பிய சிலிண்டரில்கூடத் திரவம் என்று தனியாக எதுவும் இருக்காது, அழுத்தம் 100 பாரை ஒட்டி நிற்கும். ஆகவே கேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. தராசில் வைத்து, சிலிண்டரின் தோளில் பொறித்த வெற்று எடையைக் கழிப்பதுதான் வழி. கொஞ்சம் கூடுதலாக நிரப்பித் தருவதைச் சலுகை என்று நினைக்கக் கூடாது. வெயிலில் அந்தக் கூடுதல்தான் அழுத்தத்தை எக்குத்தப்பாக ஏற்றி பர்ஸ்ட் டிஸ்க்கை, அதாவது அழுத்தம் மீறினால் உடைந்து வாயுவை வெளியேவிடும் பாதுகாப்புத் தகட்டை, உடைக்கும். உடைந்தால் சிலிண்டர் முழுவதும் காலியாகும்வரை நிற்காது.

இன்னொன்று: உள்ளே அடிவரை குழாய் இறங்கிய சைஃபன் சிலிண்டரைச் சாதாரண ரெகுலேட்டரில் மாட்டினால் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும். 5.2 பாருக்குக் கீழே திரவமாக இருக்க முடியாததால் அங்கேயே பனித்தூளாகி அடைத்துக்கொள்ளும். அடைத்ததைத் தட்டித் திறக்கப் போனால் பின்னாலிருக்கும் அழுத்தத்தில் பனிக்கட்டி குண்டுபோலப் பாயும். வெல்டிங் பட்டறையில் ரெகுலேட்டருக்கு ஹீட்டர் வைப்பதும் இந்த உறைதலுக்காகத்தான். பட்டறை பெரும்பாலும் திறந்த ஷெட் என்பதால் மூச்சு ஆபத்து அங்கே குறைவு. டேங்க், கப்பல் அடித்தளம் போன்ற அடைத்த இடத்துக்குள் வெல்டிங் செய்தால் இந்த ஆறுதல் செல்லாது.

டேங்க்

வாரத்துக்கு நாலைந்து சிலிண்டர் தீருகிற இடத்தில் வேக்குவம் காப்பிட்ட சிறு டேங்க் லாபம். சிலிண்டர் உருட்டுகிற வேலை இல்லை, கால் நசுங்குவதில்லை, வாஷர் மாற்றத் தேவையில்லை. பணியாளர் பாதுகாப்பில் இது உண்மையான முன்னேற்றம். ஆனால் நம் கேள்விக்குப் பதில் இங்கே பயங்கரம்: 200 கிலோ டேங்க் என்றால் 108 கன மீட்டர் வாயு, ஒரே குழாயின் பின்னால்.

2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் பூலரில் ஒரு துரித உணவகத்தில் நடந்தது இதற்குப் பாடம். குளிர்பான இயந்திரத்துக்கான கார்பன் டை ஆக்சைடு குழாய் கழன்று, கழிவறைச் சுவரின் உள்வெளியில் வாயு தேங்கியது. பெண்கள் கழிவறையில் இருந்தவர்கள் சரிந்து விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். டேங்க் இருந்த இடம் ஒன்று, ஆள் செத்த இடம் வேறு. டேங்க் வைக்கிறவர்கள் டேங்க் அறையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில் இருக்கும் ஓட்டை இதுதான்.

எனவே பொருத்துபவரிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளும் இணைப்பே இல்லாத ஒரே நீளக் குழாய். குழாய் கழன்றால் தானே அடைக்கும் எக்ஸஸ் ஃப்ளோ வால்வு. நிரப்பும் வாய் கட்டடத்துக்கு வெளியே. அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வின் குழாயும் வெளியேதான் போக வேண்டும், ஜன்னலுக்கும் ஏசி காற்று உள்ளே இழுக்கும் இடத்துக்கும் தள்ளி. கடைசியாகச் சொன்னதில்தான் அதிகம் ஏமாற்றம். கடை நாலு நாள் மூடிக் கிடந்தால் வெளிச்சூட்டில் டேங்க் அழுத்தம் ஏறி ரிலீஃப் வால்வு தானாகத் திறக்கும். அது பழுதல்ல, அதன் வேலை. அந்த வாயு அறைக்குள் விழுந்தால், லீவு முடிந்து முதலில் ஷட்டரைத் தூக்குபவர்தான் மாட்டுவார். இரண்டு பக்கமும் வால்வு போட்டு மூடக்கூடிய திரவக் குழாய்த் துண்டு எங்கே இருந்தாலும் அதற்கு நடுவிலும் ஒரு ரிலீஃப் வால்வு வேண்டும். மாட்டிக்கொண்ட திரவம் சூடானால் குழாயைப் பிளக்கும்.

தண்ணீரில் வாயுவைக் கலக்கும் கார்பனேட்டருக்கு முன்னால் தண்ணீர் இணைப்பில், பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் பேக்ஃப்ளோ தடுப்பான் இல்லாவிட்டால் சோடா பின்னோக்கிச் செம்புக் குழாய்க்குள் போய்ச் செம்பைக் கரைத்துக்கொண்டு டம்ளருக்கு வரும். டேங்கானாலும் சிலிண்டரானாலும் இது பொது.

டிரை ஐஸ்

மற்ற இரண்டும் கசிந்தால்தான் ஆபத்து. டிரை ஐஸ் சும்மா இருந்தாலே கசிவுதான். சாதாரண தெர்மோகோல் பெட்டியில் நாளுக்கு 2 முதல் 4.5 கிலோவரை ஆவியாகும். பத்துப் பெட்டி, நாளுக்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 0.9 கன மீட்டர் வாயு. அறையை 5000 பிபிஎம்முக்குள் வைக்க மணிக்குச் சுமார் 200 கன மீட்டர் புதுக் காற்று வேண்டும். சிறிய எக்ஸாஸ்ட் ஃபேனுக்கே முடிகிற வேலை. ஆனால் ஃபேனை வழக்கம்போலக் கூரையை ஒட்டி மாட்டினால் வாயு கீழே கிடக்க, நல்ல காற்று வெளியே போகும். உறிஞ்சும் வாய் தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்கட்டும். புதுக் காற்று எதிர்ச்சுவரில் மேலிருந்து வரட்டும்.

‘குளிர்ச்சியானது, கோல்ட் ரூமில் வைப்போம்’ என்பதுதான் இதில் மிக ஆபத்தான நினைப்பு. கோல்ட் ரூம் யூனிட் உள்ளிருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, வெளிக்காற்று எடுப்பதில்லை. டிரை ஐஸின் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி, அதன் பக்கத்தில் மைனஸ் 20 டிகிரி அறையும் சூடுதான், ஆவியாதல் நிற்காது. டெலிவரி வண்டியும் அப்படியே: 3 கன மீட்டர் உள்வெளியுள்ள கார் 4 சதவீதத்தைத் தொட 220 கிராம் போதும். சரக்குப் பகுதி தனியாகத் தடுத்த வண்டி இல்லையென்றால் ஜன்னலை இறக்கித்தான் ஓட்ட வேண்டும்.

மிச்சத்தை சிங்கில் கொட்டுவது, இறுக மூடும் பாட்டிலில் போடுவது, தண்ணீரில் மொத்தமாகத் தள்ளுவது மூன்றும் கூடாது. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு விருந்தில் உள்ளரங்க நீச்சல் குளத்தில் டிரை ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். தண்ணீர்தான் அதை வேகமாக ஆவியாக்கியது. தட்டில் புகை காட்டப் பயன்படுத்தும் ஓட்டல்களுக்கு ஒன்று: பரிமாறும் பாத்திரத்தில் துண்டு இருக்கவே கூடாது. 2024 மார்ச்சில் குருகிராமில் மவுத் ஃப்ரெஷ்னர் என்று கொடுக்கப்பட்டது டிரை ஐஸ்.

எந்த மீட்டர்?

பல தொழிற்சாலைகளில் இடுப்பில் தொங்கும் நான்கு வாயு மீட்டர் இருக்கிறது, அது போதும் என்பார்கள். போதாது. அதில் உள்ளவை ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு. கார்பன் டை ஆக்சைடு அதில் இல்லவே இல்லை. ஆக்சிஜன் அளவு குறைந்தால் தெரியுமே என்றால், கணக்கைப் பாருங்கள்: சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம், அலாரம் 19.5-ல். அந்த அளவுக்கு இறங்க கார்பன் டை ஆக்சைடு 6.7 சதவீதம் ஆக வேண்டும், அதாவது 67,000 பிபிஎம். உயிர் ஆபத்து எல்லை 40,000-லேயே தாண்டியாயிற்று. இந்த வாயு ஆக்சிஜனைத் தள்ளுவதால் மட்டும் கொல்வதில்லை. ரத்தத்தை அமிலமாக்கித் தானே கொல்கிறது.

அலுவலகக் காற்றுத் தரம் பார்க்கும் மலிவு மீட்டரும் வேண்டாம். பல மாடல்கள் 5000 அல்லது 10,000 பிபிஎம்மோடு நின்றுவிடும். அவற்றில் இன்னொரு பொறி, தானியங்கி அடிக்கோடு திருத்தம்: சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவைச் சுத்தக் காற்று, 400 பிபிஎம் என்று எடுத்துக்கொள்ளும். எப்போதும் கொஞ்சம் கசிகிற அறையில் அந்தக் கசிவையே கழித்துவிட்டு நல்ல எண் காட்டும். வாங்க வேண்டியது 5 சதவீதம்வரையாவது அளக்கும், அகச்சிவப்பு முறையில் வேலை செய்யும் நிலையான மீட்டர். இந்தத் திருத்தத்தை அணைத்து, தெரிந்த செறிவுள்ள கேஸால் அளவுத்திருத்தம் செய்யும் வழியும் அதில் இருக்க வேண்டும். சென்சார் தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டரில். முதல் அலாரம் 5000-ல் வைத்து ஃபேனை ஓடவிடுங்கள், இரண்டாவது 30,000-ல் வைத்து ஆட்களை வெளியேற்றுங்கள்.

எண்ணைக் காட்டும் டிஸ்ப்ளே, மெயின் வால்வு, ஃபேன் சுவிட்ச் மூன்றும் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்க உள்ளே ஓடியவரும் விழுவது இந்த வாயுவில் வழக்கமான இரண்டாவது மரணம். மூச்சுக் கருவி மாட்டிய ஆள் வரும்வரை வெளியே இருப்பவர் செய்யக்கூடியது வால்வை மூடுவதும் ஃபேனைப் போடுவதும் கதவைத் திறந்துவைப்பதும்தான். அதையும் உள்ளே காலெடுத்து வைக்காமல் செய்ய முடிய வேண்டும்.